குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கான வரலாற்று, சமூக வாசிப்பு: கடலூரிலிருந்து சில பரிந்துரைகள்

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குத் தயாராகும் நண்பர்கள், குறிப்பாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்து படிப்பவர்கள், என்னிடம் பெரும்பாலும் கேட்பது ஒரு நூற்பட்டியலைத்தான். வெறும் பட்டியலாகத் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நவீன இந்திய வரலாறும் சமூகப் பிரச்சினைகளும் இடம்பெறும் தாளில், எத்தனை நூல்களை வாசித்தோம் என்பதைவிட, ஒரே நிகழ்வை இரண்டு வேறு நிலைகளில் நின்று எழுதியவர்களை அடுத்தடுத்து வாசித்திருக்கிறோமா என்பதே விடையின் தரத்தைத் தீர்மானிக்கிறது. 'ஆராய்க', 'விவாதிக்க' என்று முடியும் வினாக்களுக்கு ஒரே நூலை நம்பி எழுதும் விடை, தகவல்களில் பிழையே இல்லாவிட்டாலும், வெறும் விவரிப்பாகவே நின்றுவிடும். ஆகவே, இங்கே நூல்களை இயன்றவரை இணை இணையாகச் சொல்கிறேன்.

அடித்தளம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூல்களை முடிக்காமல் வேறு நூலைக் கையில் எடுக்க வேண்டாம். தமிழகப் பகுதிக்குக் கே. கே. பிள்ளையின் 'தமிழக வரலாறு: மக்களும் பண்பாடும்' போதும், அரச மரபுகளோடு நின்றுவிடாமல் மக்களின் வாழ்க்கைக்கும் அது இடம் தருகிறது. விடுதலைக்குப் பிந்தைய காலத்துக்கு 2007இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ராமச்சந்திர குஹாவின் 'இந்தியா ஆஃப்டர் காந்தி' நூல் தமிழிலும் கிடைக்கிறது. அது பெரிய நூல் என்பதால், தனி ஆந்திர மாநிலம் கோரி உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலுவின் மறைவிலிருந்து 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பு வரையிலான பகுதியை முதலில் வாசித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்லலாம்.

நம் பகுதியினருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. முதல் கர்நாடகப் போர் பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும்: 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானது, ஆங்கிலேயர் தம் தலைமையிடத்தைத் தேவனாம்பட்டினத்திலிருந்த புனித டேவிட் கோட்டைக்கு மாற்றினர், 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை, பின்னர் உடன்படிக்கைப்படி சென்னை திரும்பக் கிடைத்தது. இதைப் படித்த கையோடு அதே ஆண்டுகளுக்கான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த அவர் 1736 முதல் எழுதத் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், 1761 ஜனவரியில் மறைந்தார். 12 தொகுதிகளையும் வாசிக்கத் தேர்வுக்காலத்தில் யாருக்கும் நேரம் இராது. 1746 முதல் 1748 வரையிலான பகுதி போதும். தொடக்கத்தில் கப்பல் வந்த சேதி, துணி வணிகம், நல்ல நேரம் கெட்ட நேரம், யார் யாரைப் பார்க்க வந்தார் என்று போகும் பக்கங்கள் அலுப்பூட்டலாம். ஆனால், ஒரு வணிகக் கும்பெனி எப்படி அரசாக மாறுகிறது என்பது இந்தச் சில்லறைச் செய்திகளில்தான் தெரிகிறது. சரக்குக்கு முன்பணம் கொடுக்கவும், நவாபிடம் பேசவும், யாருக்கு என்ன வெகுமதி அனுப்புவது என்று முடிவு செய்யவும் ஆளுநருக்கு உள்ளூர் வணிகர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

முற்றுகையின்போது, 1748 செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றிய பதிவுகளை நிதானமாக வாசியுங்கள். இடிப்பில் துய்ப்ளேக்சின் மனைவிக்கும் பாதிரிமாருக்கும் இருந்த பங்கைப் பற்றிப் பிள்ளை எழுதுகிறார். தடுக்க இயலாத தம் மனவருத்தத்தையும் எழுதுகிறார். அந்த ஆளுநரின் கீழேயே தொடர்ந்து பணியாற்றவும் செய்கிறார். அந்நிய ஆட்சிக்கும் அதைச் சார்ந்து உயர்ந்த உள்ளூர்ச் செல்வந்தருக்கும் இடையிலான உறவை விளக்க இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. அதே வேளையில், துய்ப்ளேக்சின் மனைவியோடு அவருக்கு நெடுநாள் பகை இருந்தது என்பதை மறந்து, அவர் எழுதியதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் விற்ற துணியை நெய்தவர்களின் குரலும் அந்த நாட்குறிப்பில் ஏறக்குறைய இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய, புதுச்சேரித் தொழிலாளர் வரலாற்றைச் சேர்த்து வாசிக்கலாம்: 1936 ஜூலை 30 அன்று பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச்சூட்டில் இறந்ததும், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்ததும் விடையில் இரண்டு வரியாக இடம்பெற்றாலே வேறுபாடு தெரியும். 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகத்தில் புதுச்சேரி வரலாறு தொடர்பான நூல்களைத் தேடிப் பார்ப்பது பயன் தரும்.

சாதி பற்றிய வினாக்களுக்கு அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரையைத் தவிர்க்கவே முடியாது. லாகூர் மாநாட்டுக்காக எழுதப்பட்ட அந்த உரை, மாநாட்டை நடத்தவிருந்தவர்களே பின்வாங்கியதால் நிகழ்த்தப்படாமல் போக, 1936இல் அவரே நூலாக அச்சிட்டார். காந்தியின் மறுப்பும் அதற்கு அம்பேத்கர் எழுதிய பதிலும் சேர்ந்த பதிப்பையே வாங்க வேண்டும். காந்தி எந்தக் கருத்தை ஏற்கிறார், எங்கே விலகுகிறார், அம்பேத்கர் அந்த விலகலை எப்படிச் சந்திக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே சென்றால், அதுவே பதினைந்து மதிப்பெண் வினாவுக்குரிய சட்டகமாக அமைந்துவிடும். இட ஒதுக்கீட்டுக்கு மண்டல் ஆணையம், 1992ஆம் ஆண்டின் இந்திரா சகானி தீர்ப்பு, அதற்குப் பின் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுக்கான 1993ஆம் ஆண்டுச் சட்டம் என்ற வரிசையில் படித்தால் குழப்பம் வராது.

வறுமை, ஊரக வளர்ச்சி ஆகியவற்றுக்கு, 1996இல் நூலாக வந்த பி. சாய்நாத்தின் ஊரகச் செய்திக் கட்டுரைகளை ('எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்') பரிந்துரைப்பேன். புதுக்கோட்டைப் பெண்கள் அறிவொளி இயக்கத்தின்போது சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பற்றிய கட்டுரை, பெண்கள் மேம்பாடு குறித்த எந்த வினாவுக்கும் பயன்படும். நூல் பழையது என்பதால், அதிலுள்ள புள்ளிவிவரங்களை இன்றைய நிலையாக எழுதிவிடாமல், அண்மைய அரசு அறிக்கைகளோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு எடுத்துக்காட்டுக்குப் பஞ்சமே இல்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தி, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை அருகில் வைத்து வாசித்தால், சட்டம் சொல்வதற்கும் களத்தில் நடந்ததற்கும் உள்ள இடைவெளியைச் சொந்த மாவட்டத்தைக் கொண்டே எழுதலாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை மாசு பற்றி எழுதும்போது மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. ஊரில் பேசிக்கொள்வதை அப்படியே எழுதாமல், நீதிமன்றமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ பதிவு செய்ததை மட்டுமே எழுத வேண்டும்.

மாத இதழ்களின் நடப்பு நிகழ்வுத் தொகுப்புகள் முதல்நிலைத் தேர்வுக்கு உதவும்; முதன்மைத் தேர்வுக்கு அவற்றில் செலவிடும் நேரம் பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து. ஒவ்வோர் இணையையும் முடித்ததும், நூல்களை மூடிவைத்துவிட்டு ஒரு பக்க விடை எழுதிப் பாருங்கள். தமிழ்வழியில் எழுதுபவர்கள் சட்டங்களின் பெயர்களை அரசு வெளியீடுகளில் உள்ளபடியே ஆண்டோடு சேர்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. தேர்வறையில் அமர்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.