மிஷனெரி மாலைக்கு ஒரே ஒரு ஊர் போதும்

பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுகிறோம் என்று கிறிஸ்தவ சபைகளில் குடும்பங்கள் கூடும் மிஷனெரி மாலை நிகழ்ச்சி வைத்தால், பெரும்பாலும் ஏழு பிள்ளைகளுக்கு ஏழு தேசத்து வேஷம் கட்டி மேடையேற்றுவதோடு முடிந்துவிடும். அதில் ஒரு பையன் முகத்தில் கரி பூசிக்கொண்டு "நான் ஆப்பிரிக்கா" என்பான். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன, கரி பூசிக்கொண்டு திரிகிறவர் யாருமில்லை. வேஷத்தை விட்டுவிடுங்கள். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு ஊர் போதும்.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் ஊராகத் தோர்ணக்கல்லை எடுக்கலாம். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அன்றைய நிஜாம் ராஜ்யத்தில், இன்றைய தெலங்கானாவில், தெலுங்கு பேசும் மக்களிடையே அது ஊழியத்துக்குத் தேர்ந்துகொண்ட இடம் தோர்ணக்கல். சங்கத்தை முன்நின்று தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1909இல் தோர்ணக்கல்லுக்கே ஊழியத்துக்குப் போனார், 1912இல் அங்கேயே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். மிஷனெரி என்றால் கப்பலில் வந்த துரைதான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, பனங்காட்டு ஊரிலிருந்தும் ஒருவர் ரயிலேறிப் போயிருக்கிறார் என்பது புதுச்செய்தி.

முதல் அரை மணி நேரம் கயிற்று வரைபடம். 12 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு 100 கிலோமீட்டர் கணக்கு. ஒரு முனை திருநெல்வேலி, ஆறரை மீட்டரில் சென்னை, 11 மீட்டருக்குச் சற்று முன்னால் விஜயவாடா, கடைசி முனை தோர்ணக்கல். ரயில் பாதை ஏறத்தாழ அப்படித்தான் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் துணி முடிச்சு போட்டுப் பிள்ளைகளைக் கயிற்றோரமாக நடக்க விடுங்கள். ஆனி, ஆடியில் வைத்தால் இதை வெளியில் செய்யாதீர்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் காற்றில் சார்ட் பேப்பர் அடுத்த தெருவுக்குப் போய்விடும், கோலமாவில் போட்ட எல்லைகள் பத்து நிமிஷம் நிற்காது. ஆலயத்துக்குள்ளேயே பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுச் செய்வது நல்லது.

அடுத்தது தெலுங்கு. பிள்ளைகள் இதில்தான் அதிகம் சிரிப்பார்கள். பேரு, ஊரு, உப்பு, பாலு, காலு: ஐந்தும் தெலுங்கு, ஐந்தும் அவர்களுக்கே புரியும். அப்புறம் "இல்லு" என்றால் என்ன என்று கேளுங்கள். "இல்லை" என்று கத்துவார்கள், அது வீடு. "செப்பு" என்றால் விளையாட்டுச் சாமான் என்பார்கள். அங்கே அது "சொல்லு". இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயர் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியது இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் என்று அங்கேயே சொல்லிவிடலாம். பெரியவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். "நா பேரு..." என்று தன் பேரைச் சொல்லப் பழகிய பிள்ளைக்குத்தான் அடுத்து ரொட்டி.

ரொட்டி என்றால் ஜொன்ன ரொட்டெ, அதாவது சோள ரொட்டி. இதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். கடையில் "சோள மாவு" என்று கேட்டால் கஸ்டர்டுக்குப் போடும் வெள்ளைப் பவுடரையோ மக்காச்சோள மாவையோ தந்துவிடுவார்கள். வெள்ளைச் சோளத்தை வாங்கி மில்லில் திரிப்பதே உத்தமம். 40 பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி என்றால் ஒரு கிலோ மாவு சரியாக வரும். கோதுமையில் இருக்கும் பசைத்தன்மை சோளத்தில் கிடையாது, அதனால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளரில் ஆரம்பித்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே நன்றாகத் தேய்த்துப் பிசையுங்கள். மொத்த மாவையும் ஒரேயடியாகப் பிசைந்து வைத்தால் ஆறி வெடித்துவிடும், நாலு நாலு ரொட்டிக்காகப் பிசைய வேண்டும். காய்ந்த மாவைத் தூவிக் கையால் தட்டி, இரும்புத் தோசைக்கல்லில் போட்டதும் மேல்பக்கத்தில் ஈரத்துணியால் தண்ணீர் தடவுங்கள். அந்த ஈரம் காய்ந்த பிறகு திருப்பினால் உப்பிவரும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் குழம்பு போதும், காரத்தை மட்டும் பாதியாக்குங்கள். பழைய மாவு என்றால் என்ன செய்தாலும் வெடிக்கும். தட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், கல் பக்கம் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் மட்டும் நிற்கட்டும்.

சாப்பிட்டதும் பத்து நிமிஷம் பேச்சு, அதற்கு மேல் வேண்டாம். 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகள் முன்னால் நின்று அசரியா கேட்டது பணத்தையோ ஆளையோ அல்ல. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். "பாவம், அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல" என்கிற தொனியில் பேசுகிற ஆளிடம் மைக்கைக் கொடுக்காமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம். ஏழைப் பிள்ளைகளின் படங்களைத் திரையில் ஓட்டிக் காணிக்கைத் தட்டை நீட்டுவதும் அதே ரகம்தான். அதற்குப் பதில் 1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தின் படம் ஒன்றைக் காட்டி, "இதில் கோயில் மாதிரி இருப்பது எது, மசூதி மாதிரி இருப்பது எது?" என்று கேளுங்கள். தூண்களையும் கும்மட்டத்தையும் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

காணிக்கைக்கு நம்மிடம் இருக்கும் கைப்பிடி அரிசியே நல்ல வழி. வீட்டுக்கொரு சின்ன ஓலைப்பெட்டி, உலை வைக்கும்போதெல்லாம் பிள்ளையின் கையால் ஒரு பிடி. பெட்டியை எந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மூடியிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதாமல் கொடுத்த பெட்டியில் வீட்டுக்காரர்கள் வெங்காயம் போட்டுவைத்துவிடுவார்கள்.