கடைசித் தவணைக்கு அடுத்த மாதம்

பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. கடைசித் தவணையைக் கட்டிய அன்று எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை; அடுத்த மாதம் அதே தேதியில் எதுவும் போகவில்லை என்பதைக் கண்டபோதுதான் கடன் தீர்ந்துவிட்டது என்பது மனத்தில் உறைத்தது. அந்த நிம்மதியைவிட, அதைத் தொடர்ந்து வந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

மூன்றாம் மாத முடிவில் என் கணக்கில் இருந்த மீதி, தவணை கட்டிய காலத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். கணக்கு விவரத்தை அச்செடுத்து, பென்சிலால் வரிவரியாகக் குறித்துப் பார்த்தேன். குற்றம் சொல்லும்படியான பெரிய செலவு ஒன்றுகூட இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு சந்தாக்கள், பேருந்தில் போயிருக்கக்கூடிய இடங்களுக்கு வாடகைக் கார், ‘இத்தனை நாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தோமே’ என்ற நினைப்பில் வாங்கிய சில பொருள்கள் என்று கூட்டிக்கொண்டே போனால், மொத்தம் ஏறக்குறைய பழைய தவணைத் தொகையில் வந்து நின்றது. கடன் போயிருந்தது, தவணை மட்டும் வேறு வேடத்தில் என்னிடமே இருந்தது.

பணம் முழுவதும் ஒன்றுதான் என்றாலும் மனிதர்கள் அதைத் தனித்தனிப் பைகளில் போட்டு வைத்திருப்பதாகவே எண்ணிச் செலவழிக்கிறார்கள் என்பதை விளக்கியவர்களில் முதன்மையானவர், 2017இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர். ஒரு பைக்குப் பெயர் இருக்கும்வரை நாம் அதில் கைவைக்கத் தயங்குகிறோம். ‘தவணை’ என்ற பெயர் நீங்கிய மறுமாதமே என் பணம் கேட்பாரற்ற பணமாகிவிட்டது. ஆகவே நான் அந்தப் பெயரையே திரும்ப ஒட்டினேன். அதே 5ஆம் தேதி, அதே தொகை, தனியான ஒரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகவே போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்து, அந்தக் கணக்குக்குத் ‘தவணை’ என்று பெயரிட்டேன். வீட்டில் சிரித்தார்கள், நான் மாற்றவில்லை.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிடிவாதத்துக்குக் காரணம் விளங்கும். பத்து ஆண்டுகளுக்கு 10 சதவீத வட்டியில் 100 பங்கு கடன் வாங்கியவர், முடிவில் ஏறக்குறைய 159 பங்கு கட்டியிருப்பார். அதே மாதத் தொகையை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் ஓரிடத்தில் தமக்காகப் போட்டு வந்தால், கையில் சேர்வது ஏறத்தாழ 242 பங்கு. புதிதாக எந்தத் தியாகமும் செய்யாமல், ஏற்கெனவே பழகிப்போன ஒரு சிக்கனத்தைத் தொடர்வதால் மட்டும் கிடைப்பது இது.

ஆனால் முதல் தொகை முதலீட்டுக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. நான் கடனில் விழுந்தது ஆசையால் அன்று. ஒரே ஆண்டில் வந்த இரண்டு எதிர்பாராத செலவுகளைத் தாங்கக் கையிருப்பு இல்லாததால்தான். மூன்று முதல் ஆறு மாதச் செலவை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தச் செலவை வருமானத்தை வைத்து அல்லாமல், வேலை போனாலும் கட்டியே தீர வேண்டியவற்றைக் கூட்டி அளந்தால், இலக்கு எட்டக்கூடியதாகத் தெரியும். இந்தப் பணம் பெரிதாக வளர வேண்டியதில்லை, கேட்ட அன்று கைக்கு வந்தால் போதும்.

காகித வேலையையும் தள்ளிப்போடக் கூடாது. நிலுவை இல்லை என்ற சான்றையும், அடமானம் வைத்த ஆவணங்களையும் திரும்பப் பெறுவது, தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கிக்குக் கொடுத்த உத்தரவை ரத்து செய்வது, சில மாதங்கள் கழித்து, நம் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் ஓரிரு நாள் அலைச்சல்தான். பலர் கவனிக்காத ஒன்று உண்டு: கடனோடு சேர்த்து எடுக்கப்பட்ட ஆயுள் காப்பீடு பெரும்பாலும் கடன் முடிந்ததும் தானும் முடிந்துவிடும். நம்மை நம்பி இருப்பவர்கள் இருந்தால், அந்த இடத்தை வேறொரு காப்பீட்டால் நிரப்ப வேண்டும்.

முதலீட்டில் இறங்கும்போது நான் எனக்கே ஓர் எச்சரிக்கை எழுதி வைத்துக்கொண்டேன். 14 சதவீத வட்டிக் கடனை முன்கூட்டி அடைப்பவருக்கு, அது 14 சதவீதம் உறுதியாகக் கிடைத்த லாபத்துக்குச் சமம். கடன் முடிந்தபின் அப்படியோர் உறுதியான லாபம் எளிதில் கிடைக்காது. எனவே யாராவது அவ்வளவு சதவீதத்தை ‘நிச்சயம்’ என்று சொல்லி நீட்டினால், அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுவதே நல்லது. அதற்காகப் பயந்து எல்லாவற்றையும் சும்மா போட்டு வைக்கவும் முடியாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பணத்தின் வாங்கும் சக்தி சுமார் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும்.

சங்கடமானது ஜாமீன் விவகாரம். கடன் தீர்ந்த செய்தி உறவுக்குள் பரவினால், கையெழுத்துக் கேட்டு ஒருவராவது வருவார். ‘வெறும் கையெழுத்துத்தானே’ என்பார். வாங்கியவர் கட்டாவிட்டால் முழுப் பாக்கியும் ஜாமீன்தாரரின் தலையில் விழலாம் என்பதால், அது வெறும் கையெழுத்து அன்று, நாம் செலவழிக்காத பணத்துக்கு நாம் வாங்கும் கடன். என்னிடம் கேட்டவரிடம், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, கையெழுத்து மட்டும் முடியாது என்று சொன்னேன். அவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பல் சிகிச்சை வந்தது. பணம் கட்டும் இடத்தில் இருந்த பெண், “தவணையாகக் கட்டிக்கொள்கிறீர்களா, சார்?” என்று படிவத்தை நகர்த்தினார். ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து மொத்தமாகக் கட்டினேன். அதைத் திரும்ப நிரப்ப நான்கு மாதங்கள் ஆயின. அதுவரை முதலீட்டுக்குப் போகும் பங்கை நிறுத்தி வைத்திருந்தேன்.