குன்னூர் ஏற்றமும் நரம்பணுவின் கணக்கும்

குன்னூர் சிம்ஸ் பூங்காவை ஒட்டி இருக்கும் பாஸ்டர் நிறுவனம் என்றால் இங்கே பலருக்கும் வெறிநாய்க்கடி ஊசிதான் நினைவுக்கு வரும். 1907-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசியையும் தயாரித்திருக்கிறது. அந்த ஊசி தடுக்கும் நோய்களுள் ஒன்றான ரணஜன்னியை (டெட்டனஸ்) போல, வந்து சேரும் தூண்டல்களையும் தடுப்புகளையும் எடைபோட்டு மின்துடிப்பை எழுப்புவதா வேண்டாமா என்று நரம்பணு போடும் கணக்கை விளங்கவைக்கும் சான்று வேறில்லை என்பது என் எண்ணம்.

ஓய்வில் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து சேரும் சினாப்ஸ்களில், அதாவது நரம்பணுக்கள் செய்தி கடத்தும் சந்திப்புகளில், நேர்மின் அயனிகள் உள்ளே புகுந்து அந்த எதிர்மின் நிலையைச் சிறிது குறைக்கின்றன; ஆனால் ஒரு சினாப்ஸால் ஆவது மிகச் சொற்பம் என்பதால், பல சினாப்ஸ்கள் ஏறக்குறைய ஒரே கணத்திலோ, ஒன்றே அடுத்தடுத்து விரைவாகவோ தூண்டினால்தான் மின்னழுத்தம், துடிப்பு எழுவதற்கான எதிர்மின் 55 மில்லிவோல்ட் அளவிலான வாசலை எட்டும். சோடியம் அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் நெருங்கி அமைந்திருக்கும், ஆக்சான் என்னும் நீண்ட இழையின் தொடக்கப் பகுதியில்தான் துடிப்பு எழுகிறது. எழுந்தால் முழுமையாக எழும், இல்லையேல் இல்லை.

தடுக்கும் வேதிப்பொருள்களான காபாவும் கிளைசினும் குளோரைடு வாயில்களைத் திறக்கின்றன. அவை மின்னழுத்தத்தை இறக்குவதோடு நிற்பதில்லை. சற்றும் இறக்காதபோதுகூட, அருகில் வந்து சேரும் தூண்டல் மின்னோட்டத்தை அங்கேயே கசியவிட்டு வலுவிழக்கச் செய்கின்றன. ஆகவே இதை வெறும் கூட்டல் கழித்தல் என்று பாடநூல்கள் முடித்துவிடுவது எனக்கு நிறைவளிப்பதில்லை. தடுப்புச் சினாப்ஸ்களில் பல அணுவுடலின் மீதே அமர்ந்திருப்பதால், தொலைவிலுள்ள கிளைகளிலிருந்து தேய்ந்து வரும் தூண்டலை வழியிலேயே மறிக்க அவற்றால் இயலும்.

இந்தத் தடுப்பு மின்வழியில் நிகழ்கிறது என்று வாதிட்டுவந்த நரம்பியல் ஆய்வாளர் ஜான் எக்கல்ஸ், 1951-இல் நியூசிலாந்தின் டனடினில் பூனையின் தண்டுவட நரம்பணுக்களுக்குள் நுண்மின்முனையைச் செலுத்தித் தம் குழுவினருடன் பதிவு செய்தபோது, அது வேதிப்பொருளால் நிகழ்வதென ஏற்றுக்கொண்டார். அவருக்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குன்னூர் ஏற்றத்தில் முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசை சுருங்கும் கணத்தில், பின்தொடைத் தசையின் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் தடுக்கப்படலாம். அதனால் ஒரு தசை மற்றொன்றோடு மல்லுக்கட்டுவதில்லை. ரணஜன்னிக் கிருமியின் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தடுப்பு நரம்பணுக்கள் கிளைசினையும் காபாவையும் வெளியிடாதபடி செய்துவிடுகிறது. அப்போது எதிரெதிர்த் தசைகள் சேர்ந்தே இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கிறது, சிறு ஓசைகூட வலிப்பைத் தூண்டுகிறது. எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னின் கிளைசினின் ஏற்பிகளை அடைத்து ஏறத்தாழ இதே கொடுமையை உண்டாக்குகிறது. ரணஜன்னி நோயாளிக்கு மருத்துவர்கள் டயசெபாம் என்னும் மருந்தைக் கொடுப்பது, எஞ்சிய காபாவின் செயலை அது வலுப்படுத்துவதால்தான்.