கோபம் வரலாம், அடிக்கக் கூடாது: ஸ்டிராய்டு நாட்களில் பிள்ளை வளர்த்த கதை

மகனுக்கு நான்கு வயதில் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரக நோய் வந்தது. காலையில் எழுந்தால் கண்ணிமை இரண்டும் வீங்கியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். ஏதோ அலர்ஜி என்று சில நாள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் வயிறும் காலும் வீங்கியது. பரிசோதித்தால் சிறுநீரில் புரதம் நான்கு பிளஸ், அதாவது மிக அதிகம். ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வடிகட்டி வழியாகக் கசிந்து போகிறது, அதனால்தான் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று மருத்துவர் படம் போட்டுக் காட்டினார்.

வைத்தியம் சம்பந்தப்பட்டதை எல்லாம் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டிராய்டு மாத்திரை முதல் ஆறு வாரம் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. தினமும் காலை முதல் சிறுநீரில் சோதனைக் குச்சியைத் தோய்த்து, நிறம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்; புரதம் இருந்தால் பச்சையாகும். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு சளி பிடித்தாலே கூடத் திரும்பிவிடலாம். எங்களுக்கும் அப்படித்தான் இரண்டு முறை திரும்பியது.

யாரும் சொல்லித் தராதது, அந்த மாத்திரை சாப்பிடும் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் பசி என்று அழுவான். முகம் உருண்டையாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், கையில் கிடைத்தது பறக்கும். நோயாளிப் பிள்ளையாயிற்றே என்று நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எட்டு வயது மகளிடம் மட்டும் "நீதான் பெரியவ, விட்டுக்கொடு" என்பேன். ஒருநாள் அவள் தன் சிறுநீரிலேயே ஒரு குச்சியைத் தோய்த்து எடுத்துவந்து, "எனக்கும் பச்சையா வருதாம்மா?" என்று கேட்டாள். வரவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த முறை போனபோது நர்ஸிடம் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். நீண்டநாள் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கென்று வாரம் ஒருமுறை, எட்டு வாரம், ஒரு உளவியலாளர் நடத்தும் கூட்டம் இருக்கிறது, போங்கள் என்றார். என் வளர்ப்பில்தான் கோளாறு என்கிறார்களா என்று உள்ளுக்குள் கோபம். போனால் ஒருவர் பிள்ளைக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்கு வலிப்பு. இவர்களுக்கு என் கஷ்டம் என்ன தெரியும் என்று ஓரமாக உட்கார்ந்தேன். அப்போது சர்க்கரை உள்ள பெண்ணின் அப்பா, "காலையில எழுந்ததும் மீட்டரைத்தான் பார்க்கறேன், பொண்ணு முகத்தை அப்புறம்தான் பார்க்கறேன்" என்றார். நானும் மாதக்கணக்கில் மகனுடைய கண்ணிமையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உருப்படியாகக் கிடைத்தது இரண்டாவது வாரத்து வீட்டுப்பாடம். ஒவ்வொரு சண்டையையும் எழுத வேண்டும், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் நான் என்ன செய்தேன் என்பதோடு. ஒரு வாரம் எழுதிவிட்டுப் படித்தால் வெட்கமாக இருந்தது. பாதிச் சண்டை பசி நேரத்தில். மீதிப் பாதி, நான் மூன்று தடவை முடியாது என்றுவிட்டு நான்காவது தடவை சரி என்றவை. ஸ்டிராய்டு எரிச்சலைக் கொடுக்கும், உண்மைதான், ஆனால் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தது நான்.

அதன் பிறகு வீட்டில் ஒரே சட்டம்: கோபம் வரலாம், அடிக்கக் கூடாது. இரண்டு பிள்ளைகளுக்கும் அதேதான். மாத்திரை வேண்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்தத் தம்ளரில் தண்ணீர் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். பசிக்கு முன்கூட்டியே உப்புக் குறைந்ததாக ஏதாவது எடுத்துவைத்துவிடுவேன். மகளுக்குத் தினம் பதினைந்து நிமிடம், என்ன விளையாட்டு என்பது அவள் முடிவு. முதல் பத்து நாள் மகனின் அலறல் இன்னும் கூடியது, இப்படித்தான் ஆகும் என்று அந்த உளவியலாளர் முன்பே எச்சரித்திருந்ததால்தான் தாக்குப்பிடித்தேன்.

கணவன் மனைவி பிரச்சினை பற்றிய வாரம் எங்களுக்கு வீண். கூட்டம் வேலை நேரத்தில் வைத்தால் என் கணவர் எப்படி வருவார்? எட்டில் இரண்டுக்குத்தான் வந்தார். அதனால் நானே சனி, ஞாயிறு குச்சி பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டேன். முதல் நாளே தோய்த்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, இரண்டு பிளஸ் என்று என்னை எழுப்பினார். நேரம் கடந்தால் நிறம் நம்பும்படி இருக்காது, அறுபதாவது விநாடியில் பார்த்தாக வேண்டும். புதிதாக ஒன்றைத் தோய்த்தோம், டிரேஸ், அதாவது மிகச் சிறிதளவுதான்.

இப்போது குச்சியைத் தோய்ப்பது மகன். எண்ணுவதும் அவன்தான். நாற்பதுக்கு அப்புறம் நேரே ஐம்பதுக்குத் தாவிவிடுகிறான், அதனால் பக்கத்தில் நின்று மனசுக்குள் நானும் எண்ணுகிறேன்.