சேதுக்கரை மணலோடு தேவப்பிரயாகைக்கு

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஆறு என்றால் வைகைதான். அதுவும் மேலே எல்லோரும் எடுத்ததுபோக மிச்சம். மழை நன்றாகப் பெய்து வைகை அணை 71 அடியைத் தொடுகிற வருஷங்களில் தண்ணீர் பெரிய கண்மாய் வரை வரும், ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் கடலையும் தொடும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். குடிக்கிற தண்ணீர்கூட காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. இப்படிக் கடைமடையிலேயே வளர்ந்தவர்களுக்கு உத்தராகண்டின் கார்வால் மலைப்பக்கம் போனால், பனிச்சிகரத்துக்கு முன்னால் தண்ணீர்தான் கண்ணில் நிற்கும்.

என்னோடு வந்தவர் திருப்புல்லாணி அத்தை. சேதுக்கரையில் குளித்துவிட்டு, கரையோர மணலை ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் அள்ளி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி எடுத்து வந்திருந்தார். சேது மணலைக் கொண்டுபோய்த் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் ராமநாதசாமிக்கு அபிஷேகம் செய்வது காசி யாத்திரையின் வழக்கம். அத்தைக்கு வேறு ஆசை. “கங்கை பேரெடுக்குற எடத்துலயே கரைச்சா ஆகாதாப்பா?” என்றார். ஆகும் அத்தை என்றேன்.

சென்னையிலிருந்து டெல்லி, அப்புறம் ஹரித்வார், ரிஷிகேஷ். இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகைக்கு சுமார் 70 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் கிடுகிடு பள்ளத்தில் கங்கை. வழியில் கர்ணப்பிரயாகை ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 125 கிலோமீட்டரில் பெரும்பகுதி சுரங்கம்தானாம். பாம்பன் பாலத்தில் 1914 முதல் கடலுக்கு மேலே ரயில் போகிற ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியும். வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தோம்.

தேவப்பிரயாகையில் கோமுகத்திலிருந்து வரும் பாகீரதியும், பத்ரிநாத் பக்கமிருந்து வரும் அலக்நந்தாவும் சேருகின்றன. அதற்குக் கீழேதான் கங்கை என்ற பெயர். செங்குத்தான படிகளில் இறங்கினால் சங்கமத்தின் மூக்கில் ஒரு மேடை. நாங்கள் போனபோது பாகீரதி பச்சையாகவும் அலக்நந்தா மண் கலங்கியும் வந்தன. மேலே பாகீரதியின் குறுக்கே 260.5 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணை நிற்கிறது. பாகீரதியின் வண்டல் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டு நிறமும் உடனே கலப்பதில்லை. நடுவில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து போய், கொஞ்ச தூரத்துக்கு அப்பால்தான் கரைகிறது. இரைச்சல் போடும் பாகீரதியை மாமியார் என்றும், அடக்கமாக வரும் அலக்நந்தாவை மருமகள் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள்.

மேடையில் இரும்புச் சங்கிலி பதித்திருக்கிறார்கள். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் முங்க வேண்டும். கால் வைத்ததும் எலும்பு வரை குத்துகிற குளிர். அத்தை துணியை அவிழ்த்து, மணலை உள்ளங்கையில் கொட்டித் தண்ணீருக்குள் விட்டார். கையை விரிக்கும் முன்பே இழுத்துக்கொண்டு போய்விட்டது. நிமிர்ந்து, “இம்புட்டுத் தண்ணியும் எங்கப்பா போகுது?” என்று கேட்டார். வங்காள விரிகுடாவுக்குத்தான் என்றதும், “அப்ப நம்ம கடலுக்குத்தானே வருது” என்று முகம் மலர்ந்துவிட்டது.

சங்கமத்துக்கு மேலே ரகுநாத்ஜி கோயில். பெரியாழ்வார் ‘கண்டமென்னும் கடிநகர்’ என்று பாடியது இந்த ஊரைத்தான். ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமர் இங்கே தவம் இருந்தார் என்பது தலபுராணம். அதே பாவம் தீரத்தான் ராமேஸ்வரத்தில் லிங்கம் வைத்தார் என்று நம் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கடலைக் கடக்க வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் படுத்தது திருப்புல்லாணியில். அது திருமங்கையாழ்வார் பாடிய தலம். இரண்டுமே 108 திவ்யதேசங்களில் வருபவை. திருப்புல்லாணியில் பிறந்த அத்தை அந்தச் சன்னிதியில் நின்று அழுததைப் பார்த்தபோது, எனக்கும் தொண்டை அடைத்தது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மண்டுவா ரொட்டி என்று கொடுப்பது நம் கேழ்வரகுதான். ஜங்கோரா கீர் குதிரைவாலிப் பாயசம்; அத்தை இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கினார்.

அடுத்து ருத்ரப்பிரயாகை. கேதார்நாத்திலிருந்து வரும் மந்தாகினி இங்கே அலக்நந்தாவில் சேருகிறது. 2013 ஜூன் வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கையே புரட்டிப் போட்டது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஒரு டீக்கடை அம்மா கையை உயர்த்திக் காட்டினார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையை நான் அரைகுறை இந்தியில் சொன்னேன். கேட்டுவிட்டு, டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்ரிநாத் டூர் வண்டிகள் பல, தேவப்பிரயாகையில் மேலே ரோட்டோரம் கொஞ்ச நேரம் நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. அது போதாது, ஒரு ராத்திரி தங்குங்கள். ஆடி, ஆவணியில் மண்சரிவு அதிகம். புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும் நல்லது. மூட்டுவலி உள்ள பெரியவர்களைப் படிகளில் அவசரப்படுத்தாதீர்கள். வெயில் ஏறிய பிறகு குளிக்க வையுங்கள், யாராவது ஒருவர் கூடவே நின்று சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.