வெள்ளிக்கிழமைக்கு முன்

நவம்பர் 4
கொம்பனியின் கடிதம் வந்துவிட்டது. இனி நாங்கள் கணினி விளையாட்டுகள் செய்வதில்லை, இராணுவப் பயிற்சிக்கான சிமுலேற்றர், அதாவது திரையில் போரைப் பழகும் மென்பொருள் மட்டும். விரும்பியவர்கள் அடுத்த வெள்ளிக்குள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டுமாம்.

நவம்பர் 5
மழை. இன்ரநெற் இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 6
இரவு முழுக்க வாசித்தேன். 1996இலேயே அமெரிக்க மரைன் படை டூம் 2 என்ற சுடும் விளையாட்டை மாற்றி நால்வர் அணிகளைப் பழக்கியிருக்கிறது. செக் நாட்டின் பொஹீமியா இன்ரறக்ரிவ் கொம்பனி 2001இல் ஒப்பரேஷன் பிளாஷ்பொயின்ற் என்ற போர் விளையாட்டை வெளியிட்டது. அதிலிருந்து பிறந்த விபிஎஸ் என்ற பயிற்சி மென்பொருள் படைகளின் பயிற்சிக்கூடங்களுக்குப் போனது. அதைச் செய்த பிரிவு தனிக் கொம்பனியாகி, 2022இல் பிஏஈ சிஸ்டம்ஸ் என்ற ஆயுதக் கொம்பனி அதை வாங்கியது. காரணம் விளங்குகிறது. விளையாட்டு ஓடாவிட்டால் போட்ட காசு போய்விடும். படைகள் ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போடும். விளையாட்டுகளுக்காக நான் கணினியில் செய்த பனை, மண், கிணறு எல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும். அதுதான் நெஞ்சை அரிக்கிறது. அந்தக் கிணற்றடியில் யார் நிற்பார்?

நவம்பர் 7
சம்பளம் கூடும். தம்பியின் கம்பஸ் செலவு.

நவம்பர் 8
அம்மாவிடம் சொன்னேன். முகமாலையில் மிதிவெடி அகற்றிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அதிலை சனம் இருக்குமோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

கணினியில் நான் செய்த மாதிரி ஊரைத் திறந்தேன். ஓட்டு வீடுகள், வேலி, மாட்டுக்கொட்டில், பள்ளிக்கூடம். ஒரு சனமும் இல்லை. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய அன்று எங்கள் ஊரும் அப்படித்தான் கிடந்தது. கனநேரம் பார்க்க முடியவில்லை.

சனத்தை உள்ளே வைப்பது செய்ய முடியாத வேலை இல்லை. அதே பொஹீமியாவின் போர் விளையாட்டான ஆர்மா 3க்கு 2017இல் போர்ச் சட்டங்கள் பற்றி ஒரு பகுதி வந்தது, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் ஆலோசனையோடு. அதில் வெடிபொருள் அகற்றும் தொண்டுப் பணியாளராக விளையாடலாம். அம்மாவின் வேலை!

நவம்பர் 9
குழுவுக்குப் பொறுப்பான அண்ணையிடம் கேட்டேன். பங்கருக்குள் இருப்பவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள், நடக்க முடியாத கிழவர், இவர்களை வைக்கலாமா? வாடிக்கையாளர் கேட்கவில்லை என்றார். அதனால்தான் நாங்கள் வைக்க வேண்டும் என்றேன். சுடப் பழகுகிறவன் வீட்டுக்குள் ஆள் இருக்கலாம் என்று நினைத்துப் பழகட்டும். பார்ப்போம் என்றார்.

நவம்பர் 10
கிணற்றடி. நித்திரை இல்லை.

நவம்பர் 11
கையெழுத்து வைக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்: நான் செய்யும் ஊர்களில் சனம் இருக்கும். மறுத்தால் எனக்கு இந்த வேலை வேண்டாம். பின்னேரம் எடுப்பதாகச் சொன்னார்கள். என் போனில் சார்ஜ் குறைவு, அம்மாவின் இலக்கத்தையும் கொடுத்திருக்கிறேன்.