பட்டியல் 20-இல் முடிந்தது, டொமைன்கள் முடியவில்லை

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கைத்தறிக் கடை அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, நம்ம சைட்டைத் திறந்தா பாதுகாப்பு இல்லைன்னு வருது, கஸ்டமர் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பறாங்க." வேறொருவர் கட்டிய ப்ராஜெக்ட் அது. ஒரே கோட், கடைக்கு ஒரு டொமைன், எந்தப் பெயரில் வருகிறார்களோ அந்தக் கடையைக் காட்டும். என் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

சைட் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சர்டிஃபிகேட் காலாவதி. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சர்டிஃபிகேட்டுக்கு ஆயுள் 90 நாள், வழக்கமாக அதற்கு ஒரு மாதம் முன்பே சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் தானாகப் புதுப்பித்துவிடும். இங்கே நடக்கவில்லை. காரணம் அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸில் (பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது போன்ற விவரங்களின் பதிவேடு) யாரோ புதிதாகச் சேர்த்திருந்த ஒரு சிஏஏ ரெக்கார்டு. எந்த நிறுவனம் இந்தப் பெயருக்குச் சர்டிஃபிகேட் தரலாம் என்று சொல்வது அது, அதில் லெட்ஸ் என்க்ரிப்ட் இல்லை. ஒரு மாதமாகப் புதுப்பிப்பு தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, எச்சரிக்கை மெயில் எல்லாம் பழைய டெவலப்பருக்குப் போயிருக்கிறது. ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

அப்புறம்தான் பயம் வந்தது. மற்ற கடைகள்? ஹோஸ்டிங்கின் ஏபிஐயில், அதாவது ஸ்க்ரிப்ட் மூலம் கேட்கும் வழியில், ப்ராஜெக்ட்டின் டொமைன்களைப் பட்டியலிடும் அழைப்பு ஒன்று இருக்கிறது. அனுமதிச் சாவியான டோக்கன் எடுத்து அழைத்தேன், பெயரும் நிலையும் வரிசையாக வந்தன, எண்ணினேன், 20. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் இன்னொரு கடையிலிருந்து அதே புகார். அந்தக் கடையின் பெயர் என் பட்டியலிலேயே இல்லை.

பதிலின் கடைசியில், நான் பார்க்காமல் விட்ட இடத்தில், அடுத்த பக்கத்துக்கான குறியீடு இருந்தது. ஒரு அழைப்புக்கு 20 பெயர்தான் தரும், மீதி வேண்டுமென்றால் அந்தக் குறியீட்டைக் கொடுத்துத் திரும்பக் கேட்க வேண்டும். மொத்தம் 27. முழு எண்ணாக, அழகாக 20 வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீங்கள் செய்தால் அடுத்த பக்கம் இல்லை என்று பதிலே சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

அந்த ஏழில் ஒன்று எக்ஸ் என் என்று தொடங்கி இரண்டு கோடு, பிறகு புரியாத எழுத்தும் எண்ணும். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்து நீக்கப் போய்விட்டேன், நல்லவேளை அதற்கு முன் மாற்றிப் பார்த்தேன். கடையின் பெயரைத் தமிழிலேயே எழுதி .இந்தியா என்று முடியும் டொமைன்! தமிழ் எழுத்தை டிஎன்எஸ் அப்படியே வைத்துக்கொள்ளாது, ப்யூனிகோடாக, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடுமாக, மாற்றித்தான் வைக்கும், பட்டியலும் அதையே காட்டுகிறது. தமிழ்ப் பெயரில் டொமைன் வாங்க அந்த மனிதர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார். இப்போது என் ஸ்க்ரிப்ட் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகிறது.

இன்னொன்று, பட்டியலில் ஆக்டிவ் என்று இருந்தால் அந்தப் பெயரை ப்ராஜெக்ட்டில் சேர்த்து ஒருமுறை சரிபார்த்தாகிவிட்டது என்று மட்டும்தான் எங்கள் ஹோஸ்டிங்கில் அர்த்தம். ஆக்டிவ் என்று இருந்த ஒரு டொமைனுக்கு டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்லும் டிக் கமாண்ட் போட்டால் வேறெங்கோ இருக்கும் பழைய சர்வரின் ஐபி முகவரி வந்தது. இரண்டு இடத்தில் டபிள்யூடபிள்யூடபிள்யூ இருக்கும் பெயர் இன்னொரு பெயரைக் காட்டும் சிநேம் ரெக்கார்டு மூலம் ஒழுங்காக வந்தது, அது இல்லாத வெற்றுப் பெயர் வரவில்லை. வெற்றுப் பெயரில் அந்த டொமைனை நிர்வகிப்பது யார் என்று சொல்லும் என்எஸ், எஸ்ஓஏ ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும், அவற்றோடு சிநேம் சேர்ந்து இருக்க முடியாது, அதனால் அங்கே நேராக ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டுதான் போட்டேன்.

தலைகீழாகவும் பார்க்க வேண்டியிருந்தது. ப்ராஜெக்ட்டிலிருந்து எப்போதோ எடுத்துவிட்ட ஒரு சோதனை சப்டொமைனின் (டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த பெயர்) சிநேம் இன்னும் ஹோஸ்டிங்கைக் காட்டிக்கொண்டிருந்தது. பட்டியலில் அது வராது, எடுத்தாகிவிட்டதே. ஆனால் உரிமையைச் சரிபார்க்காத ஹோஸ்டிங்காக இருந்தால் வேறு யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைத் தங்கள் ப்ராஜெக்ட்டில் சேர்த்துக்கொண்டு கடையின் பெயரில் பணம் கேட்கும் பக்கம் போடலாம். இது உண்மையிலேயே நடக்கிற திருட்டு. உடனே அழித்தேன். அதற்காக ஒவ்வொரு கடையின் டிஎன்எஸ்ஸையும் திறந்து வரிவரியாகப் படித்தேன், இரண்டு நாள் போனது, போகட்டும்.

இப்போது திங்கள் காலை தோறும் ஸ்க்ரிப்ட் ஓடுகிறது. பெயர், நிலை, டிக் காட்டும் முகவரி, சர்டிஃபிகேட் முடியும் தேதி, அவ்வளவுதான். 20 நாளுக்குக் கீழே போனால் எனக்கு மெயில் வரும். 27-இல் 26 சரியாக இருக்கின்றன. மீதி ஒன்றில், டொமைன் வாங்கிய ரெஜிஸ்ட்ரார் நிறுவனத்தின் கணக்கு இன்னும் பழைய டெவலப்பரின் மெயிலில் இருக்கிறது, ஓடிபி அவருக்குத்தான் போகும், கடைக்கார அக்காவும் நானும் நாளைக்கு அவரைப் பார்க்கப் போகிறோம்.